இன்சுலின் ஆரம்பிச்சாச்சு, நைட் ஷிப்ட் முடியல. மேனேஜ்மெண்ட்டுகிட்ட எப்படிக் கேட்கிறது?

பிறைவாசி எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன். இன்னிக்கு எனக்கே ஒரு கேள்வி வந்துடுச்சு.

எனக்கு வயசு 43. மலேசியாவுல பினாங்குக்காரி. வீடு பிறையில, வேலை தீவுல இருக்கிற பாயான் லெப்பாஸ்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில. கம்பெனி பேரு வேணாம். அங்க 19 வருஷம் ஆச்சு. ஆப்பரேட்டரா சேர்ந்தேன். கடைசி 8 வருஷமா கிளீன் ரூம்ல (தூசியே இருக்கக் கூடாத அறை) மைக்ரோஸ்கோப் இன்ஸ்பெக்‌ஷன். ஷிப்ட் 7க்கு 7. ரெண்டு வாரம் பகல், ரெண்டு வாரம் ராத்திரி. பகல் ஷிப்டுன்னா விடியக்காலை 5.20க்கு ஃபேக்டரி பஸ் எங்க ஃப்ளாட்டுக்குக் கீழ நிக்கும். பினாங்குப் பாலத்துல ஜேம் பிடிக்கிறதுக்குள்ள தாண்டிடணும்.

இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) 6 வருஷமா இருக்கு. மாத்திரையில ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஜனவரியில கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்) ரத்தம் எடுத்தப்போ எச்.பி.ஏ.1சி, அதாவது மூணு மாசச் சர்க்கரைச் சராசரி, 10.4. டாக்டர் இன்சுலின் பேனா கையில கொடுத்துட்டாங்க. ரெண்டு வகை கலந்த ஊசி, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால. பகல் ஷிப்ட்ல எப்படியோ சமாளிச்சிடுறேன். ராத்திரி ஷிப்டுலதான் எல்லாம் தலைகீழா ஆகுது.

நடந்ததைச் சொல்றேன். ஏப்ரல் 14, சித்திரை வருஷப் பிறப்பு அன்னிக்கு. சாயங்காலம் 5 மணிக்கு ஊசி போட்டேன், அரை மணி கழிச்சு அவசரமா சாப்பிட்டேன், பஸ் ஏறிட்டேன். 9.15க்கு 15 நிமிஷ பிரேக். தண்ணி குடிச்சு டாய்லெட் போயிட்டு வந்தாலே அது சரியாப்போயிடும். சாப்பாட்டு பிரேக் 11.30க்கு விடணும். அன்னிக்கு ஒரு லாட் அவசரமா ஏத்தணும்னு 1 மணிக்குத் தள்ளிட்டாங்க. 12.50 இருக்கும், மைக்ரோஸ்கோப்புல ஈயப் பொட்டு ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா தெரிய ஆரம்பிச்சுது. லென்ஸ்தான் அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சேன். அப்புறம்தான் தலைமூடிக்குள்ள வேர்வை கண்ணு வரைக்கும் வழியிறது தெரிஞ்சுது. கிளவுஸ் உள்ளுக்குள்ள வழவழன்னு ஈரம். ட்வீசர் கையில நிக்கல.

கிளீன் ரூம்ல வேலை செஞ்சவங்களுக்குத் தெரியும். உள்ள சாப்பாடு, மிட்டாய், தண்ணி பாட்டில், எதுவும் கொண்டு போக முடியாது. பவுடர் கூடாது, நான் 8 வருஷமா வேலைக்குப் பொட்டு வச்சதில்ல. வெளியே வரணும்னா கைப்பட்டையைக் கழட்டி, உடை மாத்துற ரூமுக்குப் போய், கிளவுஸ், மாஸ்க், தலைமூடி, முழு உடுப்பு, பூட்ஸ் எல்லாத்தையும் கழட்டி மாட்டி, கீழ்மாடியில இருக்கிற லாக்கருக்கு இறங்கணும். அந்த உடுப்போட ஜிப்பை இறக்க என் விரலுக்குத் தெம்பில்ல. சுவத்துல சாஞ்சுக்கிட்டே இறக்கினேன். லாக்கருக்கு வந்து சேர 8 நிமிஷம் ஆச்சு. மிஷின்ல பார்த்தா 2.9 (இங்க மில்லிமோல் கணக்கு, 4க்குக் கீழ இறங்கக் கூடாது). இனிப்பு மிட்டாய் அஞ்சாறைக் கடிச்சு முழுங்கிட்டு தரையிலேயே உட்கார்ந்துட்டேன்.

திரும்பி வர்றப்போ சூப்பர்வைசர் லாக் புக்குல எழுதியாச்சு: 33 நிமிஷம் இடத்துல இல்ல. "தூங்கப் போனீங்களா?"ன்னு எல்லாருக்கும் முன்னால கேட்டார். 19 வருஷத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. நான் இன்சுலின் போடுறேன்னு அங்க யாருக்கும் தெரியாது, அதனால அவரைக் குத்தம் சொல்லவும் என்னால முடியல.

அதுக்கப்புறம் ராத்திரி ஷிப்டுக்குப் போகும்போது பயத்துல ஊசியைப் பாதியாப் போடுறேன், சில நாள் போடுறதே இல்ல. காலையில வந்து பார்த்தா 16, 17ன்னு நிக்குது. தப்புன்னு தெரியும். எங்கம்மா சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. அவங்களுக்கும் இனிப்பு நீர்தான். கடைசி 4 வருஷம் கண்ணு தெரியாம, என் பிள்ளைங்க முகத்தைத் தடவிப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னாங்க. எனக்குச் சோறு போடுறது என் கண்ணு. அது போச்சுன்னா அந்த மைக்ரோஸ்கோப் முன்னால எனக்கு வேலை இல்ல.

எனக்கு யாருடைய பரிதாபமும் வேணாம். சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகக் கூடாது, சர்க்கரை கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும், முடிஞ்சா நிரந்தரமா பகல் ஷிப்ட். இதை யாருகிட்ட, எப்படிக் கேட்கணும்? வாயால கேட்கலாமா, லெட்டர் கொடுக்கணுமா? கேட்டா "உடம்பு முடியாதவங்க"ன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா? வருகை அலவன்ஸ் மாசம் 150 வெள்ளி (ரிங்கிட்), எம்.சி. (டாக்டர் கொடுக்கிற நோய் விடுப்புச் சீட்டு) எடுத்தாலே அது போயிடும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பி.எம். அக்கா எழுதியது:

தங்கச்சி, முதல்ல ஒண்ணு. ஊசியைப் பாதியாப் போடுறது, விடுறது எல்லாம் இன்னியோட நிறுத்துங்க. நாளைக்கே கிளினிக்குக்குப் போன் பண்ணி அடுத்த அப்பாயின்மெண்ட்டை முன்னால கொண்டு வாங்க. எப்படியும் டாக்டர் லெட்டர் உங்களுக்கு வேணும்.

நான் புக்கிட் மெர்தாஜாம்ல ஒரு ஃபேக்டரியில எச்.ஆர்.ல 14 வருஷமா இருக்கேன். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்றேன். ஒருத்தர் வந்து "எனக்கு இனிப்பு நீர், நைட் முடியல"ன்னு வாயால சொன்னா, அந்த எச்.ஆர். ஆள் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் செய்யறதுக்கு அவர் கையில ஒண்ணும் இல்ல. மேல போய்க் கேட்க ஒரு காகிதம் வேணும். எங்ககிட்ட வர்ற டாக்டர் லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே வரிதான் இருக்கும்: "இவருக்கு நீரிழிவு நோய், ஆவன செய்யவும்." அதை வச்சு எந்த மேனேஜரையும் அசைக்க முடியாது. எங்க லைன்ல பாதிப் பேருக்கு இனிப்பு நீர்னு பதில் வரும்.

அதனால டாக்டர்கிட்ட போகும்போது உங்க வேலையை எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க. ஷிப்ட் எத்தனை மணி, பிரேக் எப்போ, வெளியே வர எத்தனை நிமிஷம், அன்னிக்குச் சர்க்கரை அளவு எவ்வளவு. டாக்டருக்குக் கிளீன் ரூம் எப்படி இருக்கும்னு தெரியாது, நீங்க சொன்னாத்தான் தெரியும். லெட்டர்ல நோயோட பேரைவிட உங்களுக்கு என்ன தேவைங்கிறதுதான் முக்கியம். இன்சுலின் போடுறவர், குறிப்பிட்ட நேரத்துல கட்டாயம் சாப்பிடணும், சர்க்கரை குறைஞ்சா உடனே இனிப்பு எடுக்க வசதி வேணும், சுழற்சி ராத்திரி ஷிப்ட் இவருக்குப் பொருத்தமில்ல, இத்தனை மாசம் கழிச்சு மறுபடி பார்க்கப்படும். இவ்வளவு இருந்தா போதும். கடைசி வரியை விட்டுடாதீங்க. "6 மாசத்துக்கு"ன்னு இருந்தா சரின்னு சொல்ற மேனேஜர், "நிரந்தரமா"ன்னு பார்த்ததும் பின்வாங்குறதை நான் நிறையப் பார்த்திருக்கேன்.

அடுத்து உங்க லெட்டர். 2023 ஜனவரி 1லிருந்து 1955 வேலைச் சட்டத்துல 60பி (60P), 60கியூ (60Q)ன்னு ரெண்டு பிரிவு புதுசா வந்திருக்கு. வேலை நேரம், வேலை நாள், வேலை இடம், இதுல எதையாவது மாத்தித் தரச் சொல்லித் தொழிலாளி எழுத்துல விண்ணப்பம் போடலாம். முதலாளி 60 நாளுக்குள்ள எழுத்துலதான் பதில் சொல்லணும். முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு காரணமும் எழுதணும். கொடுத்தே ஆகணும்னு அந்தப் பிரிவு கட்டாயப்படுத்தல, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா காரணத்தை எழுதணும்னு வந்துட்டா, வாயால தட்டிக் கழிக்கிற மாதிரி சுலபமாத் தட்டிக் கழிக்க முடியாது. மேனேஜர் எங்ககிட்ட வருவார், நாங்க லைன் அட்டவணையை எடுத்துப் பார்ப்போம், பாதிக் கேஸ்ல வழி கிடைக்கும்.

லெட்டரை மலாய்லயோ இங்கிலீஷ்லயோ எழுதுங்க, ஒரு பக்கம் தாண்ட வேணாம். ரெண்டு காப்பி. உங்க காப்பியில எச்.ஆர். முத்திரையும் தேதியும் வாங்குங்க. முத்திரை போட மாட்டேன்னா அன்னிக்கே ஈமெயில்ல அனுப்பிடுங்க. அந்த 60 நாள் எப்போ ஆரம்பிச்சுதுன்னு காட்ட அதுதான் சாட்சி.

எம்.சி. பத்தி. 5 வருஷத்துக்கு மேல ஆனவங்களுக்கு வருஷத்துக்கு 22 நாள் சம்பளத்தோட நோய் விடுப்பு. ஆஸ்பத்திரியில படுக்கிற அளவுக்குப் போனா 60 நாள் தனி. முன்னே அந்த 22ம் 60க்குள்ளயே அடங்கும், இப்போ வேற வேற கணக்கு. எம்.சி. கிடைச்சா 48 மணி நேரத்துக்குள்ள கம்பெனிக்குத் தெரியப்படுத்திடணும், இல்லன்னா வராதவர் கணக்குல போயிடும். இன்னொண்ணு, கிளினிக் கெசிஹாத்தான்ல சும்மா செக்கப்புக்குப் போனா கொடுக்கிறது டைம் ஸ்லிப் (வந்துட்டுப் போன நேரம் போட்ட சீட்டு), அது எம்.சி. இல்ல. அதை எம்.சி.ன்னு நினைச்சு நாள் முழுக்க வீட்டுல இருந்துட்டு மாட்டிக்கிட்டவங்க நிறைய. வருகை அலவன்ஸ் சட்டத்துல இல்ல, அது உங்க கம்பெனி போட்ட விதி. கைப்புத்தகத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.


சுங்கை டுவாக்காரன் எழுதியது:

அக்கா சொல்றது எல்லாம் காகிதத்துல நல்லா இருக்கு. நான் அனுபவத்துல சொல்றேன், சொல்லாதீங்க.

எனக்கு முதுகெலும்புல டிஸ்க் விலகிடுச்சு. நல்லபடியா லெட்டர் வாங்கிக் கொடுத்தேன். அவங்களும் நல்லபடியா லைட் டியூட்டி கொடுத்தாங்க. சத்தம் போடல, மிரட்டல. ஆனா லைட் டியூட்டிக்கு ஓ.டி. கிடையாது. மாசம் 700, 800 வெள்ளி ஓ.டி. பார்த்துக்கிட்டு இருந்தவன், ஒரே மாசத்துல அடிப்படைச் சம்பளத்துக்கு வந்துட்டேன். வண்டித் தவணை, பிள்ளை டியூஷன் எல்லாம் அந்த ஓ.டி.யை நம்பித்தான் போட்டது. அடுத்த வருஷம் போனஸ் மதிப்பீட்டுல "முழுத் திறனோடு வேலை செய்யவில்லை"ன்னு எழுதிட்டாங்க. யாரையும் குறை சொல்ல முடியாதபடி நம்மளை ஓரத்துக்குத் தள்ளிடுவாங்க. ராத்திரி அலவன்ஸ் போகும், அதையும் கணக்குல வச்சுக்கிட்டு முடிவெடுங்க.


பிறைவாசி எழுதியது:

அண்ணே, உங்களுக்கு நடந்ததை வாசிச்சு மனசு கஷ்டமா போச்சு. ராத்திரி அலவன்ஸ் போகும்னு எனக்கும் தெரியும். நேத்து ராத்திரி பேனாவும் பேப்பரும் எடுத்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். மாசம் ஏறக்குறைய 320 வெள்ளி குறையும். வீட்டுக்காரரும் பார்த்தார். "நீ லாக்கர் பக்கத்துல விழுந்து கிடந்தா அந்த 320ஐ வச்சு நான் என்ன செய்யறது?"ன்னார். அதுக்கு மேல பேச்சு இல்ல. நான் கேட்கத்தான் போறேன்.

அக்கா, நாளைக்குக் கிளினிக்குக்குப் போன் பண்றேன்.


பழைய செயலாளர் எழுதியது:

நான் பிறைத் தொழிற்பேட்டையில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அதில் 12 ஆண்டுகள் எங்கள் தொழிற்சங்கக் கிளைக்குச் செயலாளராக இருந்தேன்.

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒன்று இருக்கிறது. அன்று மாலை 7 மணிக்கு வேலை ஆரம்பம். 9.15க்கு 15 நிமிட இடைவேளை. அதன்பின் 12.50 வரை உங்களை எழுந்திருக்க விடவில்லை. வேலைச் சட்டம் 60ஏ பிரிவு, குறைந்தது 30 நிமிட ஓய்வு தராமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. 30 நிமிடத்துக்குக் குறைவான இடைவேளை அந்தத் தொடர்ச்சியை முறிக்காது. அதனால் சட்டத்தின் கண்ணுக்கு உங்கள் 15 நிமிடம் ஓய்வே இல்லை. ஆள் நகர முடியாத தொடர் வேலைக்கு விதிவிலக்கு உண்டு. அதில் 8 மணி நேரம் வரை போகலாம், ஆனால் அதற்குள் சாப்பாட்டுக்கு மொத்தம் 45 நிமிடமாவது தர வேண்டும். மைக்ரோஸ்கோப் சோதனை அந்த வகையில் சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், சாப்பாட்டு நேரத்தைத் தள்ளாதீர்கள் என்று கேட்பது சலுகை அல்ல. இனிப்பு நீர் இல்லாத ஆளுக்கும் உள்ள உரிமை அது. உங்கள் கடிதத்தில் அதை நோயோடு கலக்காமல் தனிப் பத்தியாக எழுதுங்கள். அன்றைய தேதி, மணி, எல்லாம் உங்களிடம் இருக்கிறது. லாக் புக்கில் அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் உங்களுக்கு எதிரானது என்று நினைக்காதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

ராத்திரி வேலையைப் பற்றி. முன்பு அதே சட்டத்தில் 34ஆம் பிரிவு இருந்தது. தொழிற்சாலையில் பெண்களை இரவு 10 முதல் விடியற்காலை 5 வரை வேலை வாங்கக் கூடாது என்று. தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விலக்கு அளிக்கலாம் என்பதால் இங்கே ஆலைகள் இரவெல்லாம் ஓடின. 2023 திருத்தத்தில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஆகவே "பெண்களுக்கு ராத்திரி வேலை கூடாதே" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதை நம்பிப் போய் நிற்காதீர்கள். நோயாளிக்கு வேலையை மாற்றிக் கொடு என்று நேராகக் கட்டளையிடும் வரியை வேலைச் சட்டத்தில் நான் பார்த்ததில்லை. உங்கள் பிடி 60பி விண்ணப்பமும், தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994ம்தான். அதன் 15ஆம் பிரிவு, நடைமுறைக்கு இயன்ற அளவு தொழிலாளியின் பாதுகாப்பையும் உடல் நலத்தையும் காப்பது முதலாளியின் கடமை என்கிறது. 2024 ஜூன் 1 முதல் அந்தக் கடமையை மீறினால் அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சமாக உயர்ந்துவிட்டது. பாதுகாப்பில்லை என்று புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதை 27ஆம் பிரிவு தடுக்கிறது.

வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டீர்கள். நியாயமான காரணம் இல்லாமல் நீக்கினால், தொழில்துறை உறவுச் சட்டம் 1967, 20ஆம் பிரிவின்படி நீங்கள் முறையிடலாம். நீக்கிய நாளிலிருந்து 60 நாள். 61ஆம் நாள் போனால் கதவு மூடிவிடும். என் காலத்தில் நான் கண்ணால் பார்த்தது வேறு. நீக்க மாட்டார்கள். ஒரு அறைக்குக் கூப்பிடுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், "உடம்புக்கு ஓய்வு வேண்டும், நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், நல்லபடியாகப் போகலாம்" என்பார்கள். தட்டச்சு செய்த ராஜினாமா மேசையில் தயாராக இருக்கும். என்னோடு வேலை செய்த ஒரு பெண் அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு என்னால் அவருக்கு எதுவும் செய்ய முடியவில்லை. 20 வருடம் ஆகிறது, இன்னும் மறக்கவில்லை. அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டு வருகிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள்.


ஜூரு லோரி எழுதியது:

நான் சொல்லாம மறைச்சவன். சுங்கை டுவா அண்ணனுக்கு என் மரியாதை, ஆனா என் கதையையும் கேளுங்க.

சரக்குக் கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். இனிப்பு நீர்னு தெரிஞ்சா லைசன்ஸ் பிரச்சனையாகும், வண்டியில ஏத்த மாட்டாங்கன்னு பயந்து 5 வருஷம் வாயைத் திறக்கல. கம்பெனி கொடுத்த இரும்பு முனை சப்பாத்து (ஷூ) ஒரு சைஸ் இறுக்கம். மாத்திக் கேட்டா ஏன்னு கேட்பாங்களேன்னு அதையே போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். காலு மரத்துப் போயிருந்ததால வலியே தெரியல. ஒரு நாள் வீட்டுல சாக்ஸைக் கழட்டினேன், துணியோட தோல் வந்துடுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில 23 நாள். வலது கால் பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துட்டாங்க. ஒரு சைஸ் பெரிய சப்பாத்து கேட்காததுக்கு ரெண்டு விரல்.

வார்டுல பக்கத்துக் கட்டில்ல இருந்த ஒரு சீன அங்கிள்தான் சொக்சோவை (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பத்திச் சொன்னார். இனிப்பு நீர் வேலையால வர்ற நோய் பட்டியல்ல சேராது, அதனால விபத்துப் பணம் எனக்கு இல்ல. ஆனா சொக்சோவுல "ரிட்டர்ன் டு வொர்க்"னு ஒரு திட்டம் இருக்கு, 2007லிருந்து நடக்குது. எனக்கு ஒரு கேஸ் மேனேஜர் அம்மா வந்தாங்க. அவங்களே கம்பெனிக்கு வந்து, நான் உட்கார்ற நாற்காலியிலிருந்து டாய்லெட் எவ்வளவு தூரம்னு வரைக்கும் நடந்து பார்த்தாங்க. இப்போ அதே கிடங்குல டெலிவரி ஆர்டர் மேசையில இருக்கேன். சம்பளம் கொஞ்சம் கம்மி. ஆனா வேலை இருக்கு, கால் இருக்கு.

பிறைவாசி அக்கா, உங்க கிளீன் ரூம் பூட்ஸையும் பாருங்க. தினமும் வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கால்ல கண்ணாடி வச்சுப் பாருங்க.


தாதியம்மா எழுதியது:

அரசாங்க கிளினிக்குல தாதியா இருக்கேன். சுருக்கமா ரெண்டு விஷயம்.

கலந்து வர்ற ஊசி நேரம் தப்பாம சாப்பிடுறவங்களுக்குத்தான் ஒத்து வரும். சாப்பாடு தள்ளிப் போனா அது காத்திருக்காது, இறக்கிக்கிட்டே போகும். ஷிப்ட் மாறி மாறி வேலை செய்யறவங்களுக்கு வேற முறை இருக்கு. நீண்ட நேரம் வேலை செய்ற ஊசி ஒண்ணு, சாப்பிடும்போது மட்டும் குட்டி ஊசி. குத்துறது கூடும், ஆனா சாப்பிடுற நேரத்துக்குத் தகுந்த மாதிரி போட்டுக்கலாம். இதை நீங்களா மாத்தக் கூடாது, டாக்டர்கிட்ட "என் ஷிப்ட் இப்படி, இந்த ஊசி எனக்குப் பொருந்துமா?"ன்னு நேரா கேளுங்க. நீங்க ராத்திரி வேலைன்னு சொன்னீங்களா அவங்ககிட்ட? பல பேர் சொல்றதே இல்ல.

4க்குக் கீழே இறங்கினா 15 கிராம் சர்க்கரை. 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கலக்கினா அதுதான். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பாருங்க. இன்னும் 4க்குக் கீழேன்னா மறுபடி அதே 15. ஏறினதும் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிடணும், விட்டா திரும்ப இறங்கும். மைலோவை நம்பாதீங்க, பால் கொழுப்போட சேர்ந்து மெதுவாத்தான் ஏறும். ட்யூப்ல குளுக்கோஸ் ஜெல் ஃபார்மசியில கிடைக்குது, நொறுங்காது, தூள் சிந்தாது. உங்க கிளீன் ரூம்காரங்ககிட்ட அதை வச்சுப் பேசிப் பாருங்க.


பிறைவாசி எழுதியது:

எல்லாருக்கும் கும்பிடு. ஆறு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சிடுங்க.

தாதியம்மா கேட்டது சரி. நான் ராத்திரி வேலைன்னு டாக்டர்கிட்ட சொன்னதே இல்ல. அவங்க கேட்கல, நானும் சொல்லல. இந்தத் தடவை ஷிப்ட் அட்டவணையை போன்ல காட்டினேன். அவங்க பேனாவைக் கீழ வச்சுட்டு, "இத்தனை நாள் இதை ஏம்மா சொல்லல?"ன்னாங்க. ஊசி முறையை மாத்தியாச்சு. இப்போ நாலு தடவை குத்துறேன். அக்கா சொன்ன மாதிரி லெட்டரும் எழுதிக் கொடுத்தாங்க, 6 மாசத்துக்குன்னு.

மே 9ஆம் தேதி எச்.ஆர்.ல கொடுத்தேன். எங்க எச்.ஆர். ஒரு மலாய்க்கார காக் (அக்கா). கை நடுங்குச்சு, அன்னிக்குச் சர்க்கரை குறையல, பயம்தான். அவங்க வாசிச்சு முடிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "எங்கம்மாவுக்கும் கென்சிங் மானிஸ்தான்"னு (இனிப்பு நீர்தான்னு) சொன்னாங்க. முத்திரை போட்டுத் தேதி போட்டு என் காப்பியைக் கொடுத்தாங்க. செயலாளர் ஐயா சொன்னபடி சாப்பாட்டு நேரத்தைத் தனிப் பத்தியா எழுதியிருந்தேன். அதுக்குத்தான் முதல்ல பதில் வந்துச்சு, நாலே நாள்ல. எங்க லைனுக்கு மட்டும் இல்ல, மூணு லைனுக்கும் ராத்திரிச் சாப்பாடு 11.15, தள்ளக் கூடாதுன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாங்க. பக்கத்து மேசையில இருக்கிற பொண்ணு, இப்போ 5 மாசம், என் தோள்ல கை வச்சுட்டுப் போனா.

ஜெல் விஷயத்துக்கு குவாலிட்டி எஞ்சினியர் ரெண்டு தடவை மீட்டிங் வச்சார். உள்ள விட முடியாதுன்னுட்டார், அது எனக்கும் புரியுது. கடைசியில உடை மாத்துற ரூம்ல, கதவுக்கு இடது பக்கம் முதலுதவிப் பெட்டிக்குக் கீழ, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. மூணு ட்யூப் ஜெல், ஒரு ரத்தம் பார்க்கிற மிஷின், மேல என் பேட்ஜ் நம்பர். தலைமூடியை மட்டும் தூக்கினா போதும், ஜிப்பை இறக்க வேண்டியதில்ல. என் இடத்திலிருந்து நடந்து பார்த்தேன், ஒன்றரை நிமிஷம்.

பகல் ஷிப்ட் இன்னும் முடிவாகல. கம்பெனி டாக்டர் ஒரு தடவை பார்க்கணும்னாங்க, போயிட்டு வந்தேன். அதுவரைக்கும் தற்காலிகமா இன்னொருத்தரோட மாத்திப் போட்டு என்னைப் பகல்ல வச்சிருக்காங்க. அவங்களுக்கு ராத்திரி அலவன்ஸ் கூட வருதேன்னு சந்தோஷம். 60 நாள் ஜூலை 8ஆம் தேதி முடியுது. காலண்டர்ல சிவப்புல வட்டம் போட்டு வச்சிருக்கேன்.

சுங்கை டுவா அண்ணே, நீங்க சொன்னதும் நடந்துச்சு. இந்த மாசச் சம்பளத்துல 300 வெள்ளிக்கு மேல குறைஞ்சிருக்கு, சின்னவளோட டியூஷனை ஒரு பாடத்தோட நிறுத்திட்டோம். அதை நினைச்சா வருத்தமாத்தான் இருக்கு. உங்க முதுகு இப்போ எப்படி இருக்கு? அந்த மதிப்பீட்டு விஷயத்தை செயலாளர் ஐயாகிட்ட இங்கேயே கேளுங்கண்ணே.

ஜூரு அண்ணே, பூட்ஸ் ஒரு சைஸ் பெருசா கேட்டேன். ஏன்னு யாரும் கேட்கல, ஸ்டோர்ல எடுத்துக் கொடுத்துட்டாங்க.

லாக் புக் பக்கத்தையும் விடல. சூப்பர்வைசர்கிட்ட நானே போய், அன்னிக்கு ஏன் போனேன்னு சொன்னேன். அவர் புக்கை எடுத்து அந்த வரியை அடிக்கல. அதுக்குக் கீழ, "உடல்நலக் காரணம், பின்னர் தெரிவிக்கப்பட்டது"ன்னு மலாய்ல எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுட்டு, சர்க்கரை குறைஞ்சா முகத்துல என்ன அடையாளம் தெரியும்னு கேட்டார். வேர்க்கும், பேச்சு குழறும், கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டார்.

நாளைக்குப் பகல் ஷிப்ட், 5.20க்கு பஸ். ஜூலை 8 தாண்டினதும் என்ன பதில் வந்துச்சுன்னு எழுதுறேன்.